கீழ்வீடும் ஒரு பொன்னாடையும்

எங்கள் சங்கத்தின் பெயரிலேயே 'முன்னாள் போராளிகள்' என்று இருக்கிறது. நிர்வாகக் குழுவில்தான் ஒரு போராளியும் இல்லை.

கோலா சாவா பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, மாற்று வீடு தராமல் நகர மாட்டோம் என்று பால்மரம் சீவியவர்கள் புல்டோசரை மறித்து உட்கார்ந்தார்கள். அவர்களை உட்கார வைத்தவர் ஒரு பெண். லாக்கப்புக்கும் போனார். இன்றைய சங்கத் தலைவர் அப்போது சிரம்பானில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். வீடு தருகிறோம் என்ற வாக்குறுதி வந்த மறுநாள்தான் அவர் வந்தார், மாலையோடு. அந்த மாலையையும் பத்திரிகைக்காரர் வந்த பிறகு தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

கிடைத்தது லிஃப்ட் இல்லாத அடுக்குமாடி. வீடுகளைக் குலுக்கிப் போட்டதில், போராட்டத்தை நடத்தியவருக்கு நான்காம் மாடி விழுந்தது. அன்று முட்டி நன்றாக இருந்தது. இன்று அந்தப் பெரியம்மாவுக்கு (உறவில்லை, நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) கிளினிக் போவதென்றால் நானும் பக்கத்து வீட்டுப் பையனும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு வீடு காலியானதும் நான் துள்ளிக் குதித்தேன். பட்டம் முடித்த சூடு. சங்கத்தில் துணைச் செயலாளர், அதாவது மைக் சோதிப்பவன். அந்த வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பது சட்டமன்ற உறுப்பினரின் கையில் இருந்தது. ஊரே அவரை ஒய்பி என்கிறது. சங்கத்தின் பாராட்டு விழாவில் அவர் கேட்பார், பெரியம்மா சொல்வார் என்று தலைவரிடம் பேசி முடித்திருந்தேன்.

விழாவில் ஒய்பி வழக்கம்போலத் தாமதம். வந்ததும், தான் தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்துத் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் என்று அரைமணி நேரம் பேசினார். பிறகு பொன்னாடை. முதலில் பந்தலுக்குக் காசு கொடுத்தவர், அடுத்து சாப்பாட்டுக்குக் கொடுத்தவர், அடுத்து அவர்களுடைய மனைவிமார். போராடியவர்கள் கடைசியில். பொன்னாடை தீர்ந்துபோய், முன்வரிசைக்காரர் ஒருவர் தோளிலிருந்து உருவிய துண்டை மடித்துப் பெரியம்மாவுக்குப் போர்த்தினார்கள். அதில் ஏற்கெனவே சந்தனம் ஒட்டியிருந்தது.

ஒய்பி மைக்கை அவர் வாயருகே நீட்டினார். "சொல்லுங்கம்மா, ஒங்களுக்கு என்ன வேணும்?"

"ஐயோ, ஒன்னும் வேணாங்கையா. நீங்க வந்ததே போதும்."

கைதட்டல். "பாத்தீங்களா, இதான் தியாகம்!" என்று மைக் வேறு பக்கம் போய்விட்டது.

தோட்டத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் இதுதான் முறை. தேத்தண்ணி வேணுமா என்றால் வேணாம். மறுபடி கேட்டால், அட சும்மா இருங்க. மூன்றாம் தடவைதான் கை நீளும். முதல் கேள்விக்கே வேண்டும் என்பவன் பறக்காவெட்டி. இது ஒய்பிக்குத் தெரியாது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தத் தண்ணீரைத்தானே அரைமணி நேரம் குடித்தார்!

படியேற்றும்போது பொங்கிவிட்டேன். "ஏன் பெரியம்மா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? கேட்டவொடனே குடுன்னு கை நீட்டவா? நாம என்ன பிச்சக்காரங்களா?"

"அவரு மறுபடி கேக்கலியே!"

"கேக்காம போவான்னு எனக்கு எப்புடிடா தெரியும்? தோட்டத்துல இருந்தப்ப அவங்கம்மா மூனு தடவையும் கேப்பா."

தலைவரிடம் ஓடினேன். "தம்பி, அவங்களே வேணாம்னுட்டாங்க. மைக்குல. வீடியோ இருக்குலா," என்றார், ஏதோ கொலைக்குச் சாட்சி கிடைத்தவர்போல.

கீழ்வீடு சங்கத்துக்கே போனது. போராளிகள் நினைவகமாம். சுவரெல்லாம் படங்கள், பாதிப் படங்களில் தலைவர். ஒன்றில் பெரியம்மாவும் இருந்தார், தலைவரின் முழங்கைக்குப் பின்னால். நான் பதவியைத் தூக்கி எறிந்தேன். மைக் சோதிக்க அவர்களுக்கு உடனே வேறு ஆள் கிடைத்தான்.

திறப்பு விழா அன்று நான் மேலே பெரியம்மா வீட்டில்தான் இருந்தேன். மைக் சோதிக்கும் புதுப் பையன் மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"ஆன்ட்டி, கீழ வாங்க. நீங்கதான் குத்துவெளக்கு ஏத்தணுமாம். ஒய்பி காத்துக்கிட்டு இருக்காரு."

"முட்டி மடங்கல தம்பி. ஒய்பிய ஏறி வரச் சொல்லு."

அவன் சிரித்தான். பெரியம்மா சிரிக்கவில்லை.

"இன்னொன்னும் சொல்லு. எனக்கு அந்த வீடு வேணும். படத்தையெல்லாம் கழட்டிக் கொண்டாந்து இங்க மாட்டிக்கட்டும். படத்துக்கு முட்டி வலிக்காது."

அவன் இறங்கிப்போய் என்ன சொன்னானோ, கொஞ்ச நேரத்தில் தலைவரின் குரல் ஒலிபெருக்கியில் ஏறி வந்தது: அம்மையாருக்கு உடல்நலமில்லை, ஆசி மட்டும் அனுப்பியிருக்கிறார்.

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே தாழ்வாரத்துக்கு வந்து கம்பிமேல் சாய்ந்தார்.

"ஒடம்புக்கு ஒன்னுமில்ல! வீடுதான் வேணும்! கேக்குதா ஐயா, வீடு!"

கீழே எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. ஒய்பியும் அண்ணாந்து பார்த்தார். பார்த்து, இரண்டு கையையும் கூப்பி ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு, குனிந்து விளக்கை ஏற்றினார்.

"நாக்காலிய இங்க கொண்டாடா," என்றார் பெரியம்மா. "அவன் காருல ஏறுற வரைக்கும் கத்தணும்."