படிக்கு அடியில் வைத்த சாக்கு

அப்பா மாடியில் விழுந்தது பட்டப்பகலில். பக்கவாதம் வந்த பிறகு வலது கால் இழுத்துக்கொண்டது, பார்வையும் மங்கிவிட்டது. மாடித் தளம் முழுக்கத் தேக்குப் பலகை. பல வருஷத்து வார்னிஷ் அடுக்கடுக்காக ஏறிக் கறுத்துப்போயிருந்தது. அறை வாசலில் இருந்த சின்ன ஏற்றம் அந்தக் கறுப்பில் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தளத்தின் நிறத்தை வெளுப்பாக்குங்கள் என்றார் மருத்துவர். கீழே வந்துவிடுங்கள் என்று நாங்களும் சொல்லிப் பார்த்தோம். துறைமுகத்துக் கிரேன்கள் தெரியாத அறையில் இருக்கமாட்டேன் என்றுவிட்டார் அப்பா. மாடிக்கு ஒரே படிக்கட்டு, அதுவும் மரம்.

நான் ஒரு சரக்குக் கிடங்கில் பாதுகாப்புப் பொறியாளர். பட்டியல் போடாமல் எதையும் தொடங்குவதில்லை. ஆணித் தலைகளை உள்ளே இறக்குவது, இயந்திரத்தால் தேய்ப்பது, முரட்டு உப்புத்தாள், பிறகு நைசு, தூசி துடைப்பது, ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. கடைசியாக, எண்ணெய் துடைத்த துணிகளைத் தண்ணீரில் முக்கி வெளியே வைப்பது. அந்த எண்ணெய் காயும்போது சூடாகும். துணியை விரித்துப் போட்டால் சூடு காற்றோடு போய்விடும். குவித்து வைத்தால் உள்ளேயே ஏறித் தீக்குச்சி இல்லாமல் பற்றிக்கொள்ளும்.

மாப்பிள்ளையூரணியிலிருந்து வந்த தச்சரிடம் இதைச் சொன்னேன். "எண்ணெ தானா பத்துமாக்கும்? அப்பம் உங்க அடுப்பாங்கரை எப்பமோ எரிஞ்சிருக்கணுமே தாயி" என்றார்.

மூன்று நாள் தேய்த்ததில் கறுப்புக்கு அடியிலிருந்து தேன் நிறம் வந்தது. அப்பாவின் கிழிந்த வேட்டிகளால் எண்ணெய் பூசினோம். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் தச்சர் துணிகளையும் மரத்தூளையும் ஒரே சாக்கில் திணித்து, படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு நான் இறங்கி வந்து சாக்கைத் தூக்கியபோது, அம்மா விளக்கு ஏற்றி முடித்திருந்தாள்.

"ஏளா, வெள்ளிக்கிழம அதுவுமா வெளக்கு வச்ச பொறவு குப்பய வெளிய தள்ளுவியா? காலைல போடு."

அப்பாவுக்குப் பக்கவாதம் வருவதற்கு முந்தைய நாள், விளக்கு வைத்த பிறகு அம்மா பக்கத்து வீட்டுக்கு உப்பு கொடுத்திருந்தாள். வீட்டு லட்சுமியோடு அவர் கால் பலமும் அன்றே வெளியே போய்விட்டது என்பது அவள் நம்பிக்கை. கிடங்கில் என்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்களின் வேலையைக்கூட ஆபத்து என்று பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அவளிடம் மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. சாக்கை இருந்த இடத்திலேயே வைத்தேன். தண்ணீராவது ஊற்றியிருக்கலாம். விளக்கு முன்னால் எண்ணெய்த் தண்ணீர் ஓடும் என்று அதையும் விட்டேன்.

தோசை வார்க்கும்போது மீன் எண்ணெய் போல ஒரு வாடை வந்தது. தளத்தின் வாடைதான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது தோசையைத் திருப்பும்போது மேலேயிருந்து அப்பாவின் குரல்.

"தோச கருகுது பாரு."

தோசை கருகவில்லை.

சாக்கின் மேல்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே கையை நுழைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சாக்கின் வாயிலிருந்து மெல்லிய புகை எழுந்து, மேல் படிகளின் இடுக்குகளில் நுழைந்துகொண்டிருந்தது. அந்தப் படிகளில் அப்பாவை இறக்க எங்களுக்குக் கால் மணி நேரமாகும். யோசிக்காமல் சாக்கைப் புறவாசலுக்கு இழுத்தேன். முற்றத்துக் காற்று பட்டதும் அடிப்பக்கம் பிய்ந்து, துணிகள் சிவப்பாகக் கனன்றபடி சரிந்து விழுந்தன. பிறகுதான் தீ எழுந்தது. அம்மா குடம் குடமாக ஊற்றினாள்.

தீ அணைந்ததும் படிக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன். பலகை இன்னும் சுட்டது. அம்மா என் பின்னால் வந்து நின்றாள்.

"நாந்தான் வைக்கச் சொன்னேன்னு அப்பாட்ட சொல்லிராத."

"வச்சது நான்" என்றேன்.

மேலே போனபோது அப்பா புதுத் தளத்தைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாசல் ஏற்றம் இப்போது நன்றாகத் தெரிகிறது என்றார். காலையில் கட்டிலைக் கீழே இறக்கப் போகிறோம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். நடந்ததை முழுக்கச் சொன்னேன், அம்மாவை விட்டுவிட்டு.