பெயர் சொல்லக் கூடாத கதை

நாட்றாம்பாளையம் நிறுத்தத்தில் ஓசூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் ரங்கம்மா, காட்டோரத்து இருளர் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தருபவள். அவர்கள் பேச்சிலேயே அச்சான கதைப் புத்தகக் கட்டை ஓசூருக்கே திருப்பி எடுத்துப் போகிறாள்.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் கூச்சப்படாமல் படிப்பேன். ஒன்றை வாங்கி உரக்க ஆரம்பிக்கிறேன்.

"ஆ... னெ..."

சுற்றி உட்கார்ந்திருந்த இருளர் பெண்கள் எழுந்து காட்டைப் பார்க்கிறார்கள். ரங்கம்மா என் வாயைப் பொத்துகிறாள்.

"யம்மோவ், சும்மா இரு! பேரச் சொன்னா, கூப்புடுறாங்கன்னு நேரா வந்துருவாரு. அதான் புள்ளைங்க படிக்க வாயே தொறக்கல. மாத்தி அச்சடிக்கச் சொல்லத்தான் போறேன்."

யானையை இவர்கள் 'பெரியவரு' என்றுதான் சொல்வார்களாம்.

"மாத்த மாட்டோம்னு சொன்னா?"

"எழுதுனவங்கள எங்கூருக்கு இட்டாந்து, பொழுது சாஞ்சப்புறம் சத்தமா படிக்கச் சொல்லுவேன்."

எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பாதியில் விட மனசில்லை. பெயர் வரும் இடமெல்லாம் 'பெரியவரு' போட்டு, முதலிலிருந்து படிக்கிறேன். ஒவ்வொருத்தியாக உட்காருகிறார்கள்.

கதையில் பெரியவரு ஆற்றில் இறங்கும்போது பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. யாரும் அசையவில்லை.

"கொஞ்சம் இரு சாமி," என்று டிரைவரைக் கையமர்த்துகிறாள் ஒருத்தி. "பெரியவரு இன்னும் ஆத்தத் தாண்டல."