எதிர்வீட்டு வாஷிங் மெஷின்

மூன்றாம் மாடியில் குடியிருந்தவர்கள் எல்லோரும் அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்து நான்கு. முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், சுவரோரம் துணிமூட்டைகள், நடுவில் ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவுக்கு ஓர் இடைவெளி. பத்தொன்பது வருடமாக அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்து வந்தாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டைக் கூட அரை மணி நேரத்தில் கிளப்பிவிடுவார். சொந்த வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் எட்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

எதிர்க் கதவு கொழுந்தன் வீடு. அவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் இருபது நாள் சாலையில்தான் குடித்தனம். தையலக்கா கல்யாணமாகி வந்தபோது அவன் ஆறாம் வகுப்பு. அவன் சட்டைக் காலரில் படிந்த மையையும் மண்ணையும் தேய்த்து எடுத்தவள் அவள்தான். இப்போது அவனுக்கு ஒரு மனைவி இருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

அந்த ஓரகத்தியைப் பார்த்தாலே தையலக்காவுக்கு வயிறு எரியும். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். மாதம் பிறந்தால் அவள் பெயரில் சம்பளம் வந்தது. டியூட்டி முடித்து வந்தால் காலை நீட்டி சோபாவில் படுத்துக்கொள்வாள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். "பாவம், நாள் முழுக்க நின்னுக்கிட்டே வேலை பார்க்கிற பொண்ணு" என்பார் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்க்கிறவளின் இடுப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னொன்றும் உண்டு. ஓரகத்தியை அவர் "என்னம்மா" என்று கூப்பிடுவார். பெண்டாட்டிக்கு "ஏய்."

வாஷிங் மெஷின் வேண்டும் என்று முதலில் வாய் திறந்தவள் தையலக்காதான். "நாலு பேர் துணிக்கு எதுக்கு மெஷின்? கரண்டுக்குக் கேடு" என்று கணவர் முடித்துவிட்டார். அடுத்த மாதமே எதிர்வீட்டில் ஒன்று வந்து இறங்கியது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த, பெரிய, வெள்ளை மெஷின். அதை மாடிக்கு ஏற்ற முன்னால் நின்று வழி சொன்னவர் அதே கணவர்.

நர்ஸ் அன்றைக்கே வந்து கூப்பிட்டாள். "அக்கா, உங்க பெட்ஷீட்டெல்லாம் கொண்டு வாங்க. நான் போட்டுத் தர்றேன்."

"எனக்குக் கையால துவைச்சாத்தான் துவைச்ச மாதிரி இருக்கும்" என்றாள் தையலக்கா.

இரண்டாவது முறை கூப்பிட்டாள், அதே பதில். மூன்றாவது முறையும் அதே பதில் வர, நர்ஸ் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் சுழலும் சத்தம் கேட்கும்போது, தையலக்கா குளியலறையில் குந்தி, தேவைக்கு மேலேயே துணியை அடித்துத் துவைப்பாள்.

அந்த வீட்டுச் சாவி ஒன்று இவளிடம் இருந்தது. நர்ஸ் இல்லாத நேரத்தில் கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பதற்காகக் கொடுத்தது.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் அது நடந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு பாவாடைகள், புதன்கிழமை கொடுத்தாக வேண்டும். தைத்து முடித்து அடுக்கி வைத்திருந்த குவியலின் மேல் எண்ணெய்க் குப்பி சரிந்துவிட்டது. தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய். எடுத்துப் பார்த்தால் ஒன்பது பாவாடைகளில் திட்டுத் திட்டாகக் கறை. கையால் துவைத்து, அந்த மழையில் காயவைத்து, புதன்கிழமை கொடுப்பது நடக்கிற காரியம் இல்லை. எதிர்வீட்டு மெஷின் என்றால் முக்கால் ஈரத்தையும் பிழிந்தே தந்துவிடும்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. நர்ஸ் டியூட்டிக்குப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கணவர் வேலைக்கு, பிள்ளைகள் கல்லூரிக்கு. தையலக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு நடைபாதையை இரண்டு பக்கமும் பார்த்தாள். சொந்தக் கொழுந்தன் வீட்டுக்குள் திருடியைப் போல நுழைந்தாள்.

எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நர்ஸ் போடுவதை எத்தனையோ முறை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறாள். கதவைச் சாத்தி, சக்கரத்தைத் திருப்பி, பொத்தானை அழுத்தியதும் உள்ளே 'டக்' என்று பூட்டு விழுந்தது. பிறகு தண்ணீர் இறங்கும் சத்தம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பாவாடைகள் புரண்டன, விழுந்தன, மறுபடி ஏறின. அவள் கை மடியில் சும்மா கிடந்தது. வேலை நடந்துகொண்டிருந்தது, கை சும்மா கிடந்தது! இந்தச் சுகத்தையா ஒருத்தி வாராவாரம் அனுபவிக்கிறாள் என்று நினைத்தபோது நெஞ்சு புகைந்தது.

முடிந்ததும் அவசர அவசரமாகத் துணியை வெளியே இழுத்தாள். கடைசிப் பாவாடை கதவோரத்தில் எங்கேயோ மாட்டியது. வெடுக்கென்று இழுத்தாள். நூல் அறுகிற சத்தம் கேட்டது. நின்று பார்க்க நேரமில்லை. தரையைத் துடைத்துவிட்டு, ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நர்ஸ் கதவைத் தட்டினாள்.

"அக்கா, மாமா இருக்காரா? மெஷின் ஓடவே மாட்டேங்குது."

இடுப்பு வலிக்கிறது, குழாயை நாளைக்குப் பார்க்கிறேன் என்று ஐந்து நிமிடம் முன்னால்தான் சொல்லியிருந்தார் லிஃப்ட் மெக்கானிக். இப்போது சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்னம்மா, லைட் எரியுதா?"

"லைட்டெல்லாம் எரியுது மாமா. ஸ்டார்ட் அழுத்தினா ஒண்ணும் ஆக மாட்டேங்குது. கதவு படம் மட்டும் மினுக்கு மினுக்குன்னு மின்னுது."

"வோல்டேஜா இருக்கும். நான் பார்க்கிறேன்."

தையலக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏதோ தவறாக அழுத்திக் கெடுத்துவிட்டோமோ? ஊசியில் நூல் கோத்தாள். மூன்று முறை தவறியது.

அன்றைக்கு ப்ளக்கைக் கழற்றி மாட்டினார். மறுநாள் தண்ணீர்க் குழாயின் வலையைச் சுத்தம் செய்தார். அதற்கடுத்த நாள் மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்தகட்டைத் திறந்து, டெஸ்டர் வைத்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். இரண்டு வீட்டுக் கதவும் திறந்தே இருந்ததால் தையலக்காவுக்கு எல்லாம் காதில் விழுந்தது. டீ ஆற்றும் சத்தம். "மாமா, பிஸ்கட் எடுத்துக்கோங்க." அவர் சிரிப்பு. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு மேனேஜர் பயத்தில் போன் போட்டு அழுத கதையை அவர் அங்கே விஸ்தாரமாகச் சொன்னார். இந்த வீட்டில் அந்தக் கதையை அவர் சொன்னதே இல்லை. தையல் மெஷின் பெடலை ஓங்கி மிதித்தாள் தையலக்கா. தையல் கோணிக்கொண்டு போனது.

ஆனால் அதற்குள் அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. புதன்கிழமை காலையில் பாவாடைகளை இஸ்திரி போட்டு அடுக்கும்போது ஒன்றின் இடுப்புப் பட்டையில் கொக்கி இல்லை. பிய்ந்த நூல் மட்டும் நின்றது. பார்த்த மாத்திரத்தில் வெடுக்கென்று இழுத்தது நினைவுக்கு வந்தது. கதவில் நாக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்; அது போய் விழுகிற துளையில்தான் பாவாடை மாட்டியது. கொக்கி அதற்குள் கிடந்தால் நாக்கு முழுதாக இறங்காது. பூட்டு விழாது. பூட்டு விழாமல் மெஷின் எப்படி ஓடும்?

வேறு கொக்கி தைத்து, பாவாடைகளைக் கொடுத்தனுப்பினாள். எதிர்வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் திருட்டுத்தனமாகத் துவைத்தது வெளியே வரும். 'எனக்குக் கையால துவைச்சாத்தான்' என்று மூன்று முறை சொன்ன வாய் என்ன ஆவது? அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், புதன்கிழமை சாயங்காலம் அவள் கண்ணால் பார்த்தது. நர்ஸ் டியூட்டியிலிருந்து வந்த களைப்போடு, மறுநாளைக்கான வெள்ளை யூனிஃபார்மைக் குந்தி உட்கார்ந்து கையால் துவைத்துக்கொண்டிருந்தாள். தையலக்கா திறந்த கதவு வழியாக நன்றாகப் பார்த்தாள். மனதுக்கு இதமாக இருந்தது. இருந்தது என்பதை அவளே பிற்பாடு தனக்குள் ஒப்புக்கொண்டாள்.

அந்த இதம் ஒரு ராத்திரி கூடத் தங்கவில்லை. "போர்டு போயிருக்கும். நாளைக்கும் ஒரு தடவை பார்த்துட்டு, ஆகலேன்னா கம்பெனி ஆளைக் கூப்பிடச் சொல்லிடறேன்" என்று சாப்பிடும்போது கணவர் சொன்னார். நாளைக்குமா! இன்னொரு சாயங்காலமும் டீ, பிஸ்கட், லிஃப்ட் கதை. துவைக்கிற சிரமம் ஓரகத்திக்கு என்றால், அதைச் சாக்கிட்டு வீட்டுக்காரரும் அங்கேயே கிடக்கிறார். இந்தக் கணக்கில் தனக்கு நஷ்டம்தான் என்று அவளுக்குப் பட்டது.

வியாழக்கிழமை மதியம் மறுபடி சாவியைப் போட்டுத் திறந்தாள். நூல் பிடுங்கும் சின்ன இடுக்கியும் டார்ச்சும் கையில். ப்ளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, கதவுத் துளைக்குள் வெளிச்சம் அடித்தாள். ஆழத்தில் ஏதோ மினுங்கியது. இரண்டு முறை வழுக்கி, மூன்றாம் முறை இடுக்கியில் அகப்பட்டது. கொக்கியேதான், வளைந்து நசுங்கிப்போய். ப்ளக்கை மாட்டி, கதவைச் சாத்தி அழுத்தினாள். 'டக்.' தண்ணீர் இறங்கியது. உடனே நிறுத்தி, தண்ணீரை வடியவிட்டு, ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு வந்துவிட்டாள். மூன்று நாளில் ஒரு மெக்கானிக்கால் முடியாததை ஐந்து நிமிடத்தில் செய்திருக்கிறாள். அதைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆளில்லை.

சாயங்காலம் கணவர் டூல் பையோடு எதிர்வீட்டுக்குப் போனார். பின்தகட்டைத் திறந்தார், ஏதோ ஒரு ஒயரைக் கழற்றி ஊதி மாட்டினார், ப்ளக்கைச் செருகி, பொத்தானை அழுத்தினார். மெஷின் ஓடியது.

"மாமா! ஓடுது!" என்று நர்ஸ் கை தட்டிய சத்தம் இந்த வீடு வரைக்கும் கேட்டது. "கம்பெனி ஆளே வேண்டாம் போல. அக்கா, இங்க வந்து பாருங்களேன்!"

தையலக்கா போய்க் கதவருகில் நின்றாள்.

"லூஸ் கனெக்‌ஷன்" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டே. "எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம். பன்னெண்டு மாடி லிஃப்டே நான் சொன்னா கேட்குது, இது கேட்காதா?"

"அக்கா, நீங்க குடுத்து வச்சவங்க. வீட்டிலேயே இப்படி ஒரு ஆள்" என்றாள் நர்ஸ்.

அதோடு எல்லாம் பொங்கிவிட்டது.

"இவரா? இவரு ஒரு மண்ணும் பண்ணலை! எட்டு மாசமா குழாய் சொட்டுது, அதுக்கு ஒரு வாஷர் மாத்தத் துப்பில்லை. கதவுத் துளையில பாவாடைக் கொக்கி கிடந்துச்சு. மத்தியானம் நான் வந்து எடுத்தேன். நான்தான் எடுத்தேன்!"

நர்ஸ் சுழல்கிற மெஷினையும் தையலக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பாவாடைக் கொக்கியா?" என்றாள் நர்ஸ். "அது எப்படிக்கா என் மெஷின்ல வந்துச்சு?"

தையலக்கா தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எண்ணெய் சரிந்ததிலிருந்து சாவி வரைக்கும்.

நர்ஸ் கத்தவில்லை. "துவைச்சதுக்கு எனக்குக் கோபமில்லைக்கா. நானே எத்தனை தடவை கூப்பிட்டேன். ஆனா என்ன கோளாறுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துக் காலையில."

"நேத்து சாயங்காலம் நான் குந்தி உட்கார்ந்து துவைச்சப்ப, நீங்க கதவுகிட்ட நின்னீங்க. நான் பார்த்தேன்." மேஜையைக் காட்டினாள். "சாவியைக் குடுத்துடுங்க."

தையலக்கா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கணவர் பின்னாலேயே வந்து, டூல் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி இழுத்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய் அன்று நின்றது. அவளுக்கு அதில் சந்தோஷப்படக் கூட முடியவில்லை.

ஒரு மாதம் இரண்டு கதவும் சாத்தியே இருந்தன. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் நர்ஸ் தலையை மட்டும் அசைப்பாள். சோபாவில் படுத்துக்கிடக்கிறாளா, யூனிஃபார்ம் காய்ந்ததா என்று பார்க்கக் கதவிடுக்கு இல்லாமல் போனதில் தையலக்காவுக்கு ஒரு வெறுமை. ஒருத்தியைப் பார்த்துப் பொருமுவதற்குக் கூட அவள் கண்ணில் பட வேண்டியிருக்கிறது.

கடைசியில் போனது தையலக்காதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், பெட்ஷீட்டும் தலையணை உறைகளும் நிறைந்த வாளியோடு நடைபாதையில் எல்லோரும் பார்க்க நடந்து போய் எதிர்க் கதவைத் தட்டினாள்.

"உன் மெஷின்ல இதைப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நர்ஸ் வாளியைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இது என்ன, கையால துவைச்சா துவைச்ச மாதிரி இருக்காதா?"

"இருக்காது."

நர்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "உள்ள வாங்க. தலையணை உறையில ஜிப் இருந்தா மூடிப் போடுங்க."

இருவரும் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்கள். பேச்சு முதலில் ஒட்டவில்லை; மழை, ஆஸ்பத்திரி, கொழுந்தன் எந்த ஊரில் நிற்கிறான் என்று மெல்ல நகர்ந்தது. நடுவில் பதில் வரவில்லையே என்று தையலக்கா திரும்பினாள். நர்ஸ் சோபாவில் சரிந்து தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, கால் நீட்டிக்கிடந்தது. பட்டப்பகலில் இப்படி ஒரு தூக்கம் தனக்கு எந்த ஜென்மத்தில் வாய்க்கும் என்று தையலக்காவுக்கு மறுபடி வயிறு எரிந்தது. எரிந்தபடியே எழுந்து, அவள் முகத்தில் வெயில் அடிக்காமல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.