மஞ்சள் தண்ணீர் குடித்த சுவர்

எனக்குக் கோபம் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். ஹட்டனுக்கு மேலே, எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அன்று நான் போட்ட சத்தம் தேயிலை மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. பின்சுவர் வெடித்து மழை உள்ளே ஒழுகியது. எத்தனை முறை சீமெந்து பூசினாலும் அடுத்த மழைக்கு அதே இடத்தில் வாயைப் பிளந்துவிடும். இனியும் ஒழுகினால் அறையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை மலையடியிலுள்ள கீழ்ப்பிரிவுக் காம்பராவுக்கு மாற்றிவிடுவதாகத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொல்லியிருந்தார். என் அண்ணியின் மகள் அப்போது பால்குடிப் பிள்ளை. கீழ்ப்பிரிவு வரை இறங்கிப் பால் கொடுத்துவிட்டு மறுபடி மலை ஏற நேரம் போதாது. அண்ணி வேலையை விடவேண்டியதுதான்.

நான் வேலை பார்க்கும் ஆய்வுகூடத்தில் மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவை வளர்க்கிறோம். யூரியாவும் கல்சியமும் கரைத்த நீரைத் தீனியாகக் கொடுத்தால், அது சுண்ணாம்புக் கல் மாதிரி ஒன்றை உண்டாக்கி வெடிப்பை உள்ளிருந்தே அடைக்கும். துரையிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அது கலந்த சாந்தை வெடிப்பில் நிரப்பினேன். தினமும் தீனி தெளிக்கும் வேலையை அண்ணியிடம் ஒப்படைத்தேன். சுவருக்குள் உயிர் இருக்கிறது, பத்திரம் என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

சனிக்கிழமை வந்து பார்த்தால் சுவரெல்லாம் மஞ்சள். சாம்பிராணி வாசம். வெடிப்பின் நடுவே குங்குமப் பொட்டு. முந்தின நாள் வெள்ளிக்கிழமையாயிற்றே என்று பெண்கள் சேர்ந்து மஞ்சள் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். கிருமி சாகட்டும் என்று வாசலில் தெளிக்கிற சாமானை என் கிருமிகளின் தலையிலேயே ஊற்றியிருக்கிறார்கள். குதியோ குதி என்று குதித்தேன்.

அண்ணி அசரவில்லை. "உசுரு இருக்குன்னு நீதானே சொன்ன. உசுரு இருக்கிற எடத்துல வெள்ளிக்கெழமயும் அதுவுமா மஞ்சத்தண்ணி தெளிக்காம எப்புடி இருக்கிறது?"

கோபத்தைக் காப்பாற்றப் பார்த்தேன், சிரிப்பு முந்திக்கொண்டது. சுவரைக் கழுவி, மிச்சமிருந்த பாக்டீரியாவை மறுபடி ஊற்றினோம். அதன்பின் பால் கொடுக்க மலையிலிருந்து வரும் தாய்மாரில் யாராவது ஒருவர் சுவருக்கும் தீனி தெளித்துவிட்டுப் போனார்கள். பொட்டை மட்டும் விடமாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். வெடிப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல்லி விட்டுக்கொடுத்தேன். வெடிப்பில் மெல்ல வெள்ளை படர்ந்தபோது, ஆளாளுக்கு விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமழை பிடித்த அன்று லீவு போட்டுவிட்டுக் காம்பராவிலேயே உட்கார்ந்திருந்தேன். பால் நேரத்தில் அண்ணி சொட்டச் சொட்ட ஓடிவந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டார். மகளைத் தூக்குவதற்கு முன் கையை நன்றாகத் துடைத்து, உள்ளங்கையால் சுவரை மேலிருந்து கீழ்வரை தடவினார். பிறகு கையைத் திருப்பி என்னிடம் காட்டினார். ஈரமே இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி மகளை மடியில் போட்டுக்கொண்டு, அந்தச் சுவரிலேயே முதுகைச் சாய்த்துப் பால் கொடுக்க ஆரம்பித்தார்.