ஆட்சேபம் உண்டா?

இந்த ஊரில் ஒரு தெருவிளக்கு நடுவதற்கு என்னிடம் சம்மதம் கேட்கிறார்கள். நம்புவீர்களா? மேற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எனக்கு ஆலையில் ஃபிட்டர் வேலை, குடியிருப்பது வாடகை மாடியறை. ஒரு பிடி மண் இங்கே எனக்குச் சொந்தமில்லை. ஆனாலும் ராட்ஹவுஸ் என்கிற ஊராட்சி அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, கிராம முன்னேற்றத் திட்டத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்தார் ஓர் இளம் குமாஸ்தா. விளக்கு வெளிச்சம் உங்கள் சன்னலில் விழுமே, ஆட்சேபம் உண்டா என்றார். "யா, யா, குட்" என்று தலையாட்டினேன். எனக்கு மொழி புரியவில்லை என்று நினைத்து, அதையே இன்னும் மெதுவாக, இன்னும் உரக்கச் சொன்னார். மொழியெல்லாம் நன்றாகத்தான் புரிந்தது. சர்க்கார் ஆள் கேட்டால் தலையாட்டுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்? யோசித்துவிட்டு வாருங்கள், ஒரு மாதம் அவகாசம் இருக்கிறது என்று அனுப்பிவைத்தார்.

யோசிக்க என்ன இருக்கிறது, வயிற்றெரிச்சலைத் தவிர? அறுபதுகளில் கும்மிடிப்பூண்டிக்கு அருகே எங்கள் ஊருக்கும் ஒரு திட்டம் வந்தது. நான் அப்போது தொழிற்பயிற்சி முடித்திருந்தேன். ஒரு சித்திரை மாதம் ஜீப்பில் வந்த அதிகாரி மாட்டுவண்டியின் மேல் வரைபடத்தை விரித்தார். மின்சார பம்பு, ஊரார் கூடிக் கேட்க ரேடியோ மன்றம், தெருவிளக்கு எல்லாம் வரும், இனி ஏரியை நம்பியிருக்க வேண்டாம் என்றார். எங்களுக்கு வாயெல்லாம் பல். மன்றத்துக்குக் கட்டடம் கட்ட இடம் வேண்டுமே? ஊருக்கு மேற்கே முள் மண்டிய பள்ளத்தில் பென்சிலை வைத்து, சும்மா கிடக்கிற இடந்தானே என்றார். அது ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய். ஐப்பசி மழை அதன் வழியாகத்தான் ஏரிக்கு வந்து சேரும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் இது தெரியும். ஏரிப் பாசனத்தில் எங்கள் நிலத்தை உழுதுகொண்டிருந்த அண்ணன் வாயைத் திறந்தான். அப்பா அவன் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"வந்தவரு மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்லாதடா. அப்பால சொல்லிக்கலாம்."

ஊரே அப்படித்தான் நினைத்தது. இளநீர் சீவிக் கொடுத்து அனுப்பிவைத்தோம். அடுத்த முறை ஜீப் வந்தபோது பின்னாலேயே செங்கல் லாரியும் வந்தது.

மழைத் தண்ணீர் புதுக் கட்டடத்தில் முட்டி, ரோட்டில் ஓடி வீணாய்ப் போனது. ஏரி நிரம்பவில்லை. பம்பு இருக்கிறதே என்றார்கள். எழுபதுகளில் ஆலைகள் வந்தன, மின்சாரம் முதலில் அவற்றுக்குப் போனது. எங்கள் மோட்டார் உறுமியதே தவிரச் சுற்றவில்லை. பயிர் கருகுவதைப் பார்த்துப் பார்த்து, அண்ணன் நிலத்தை ஓர் ஆலைக்கே விற்றான்.

"இன்னாடா பண்றது? ஊட்ல லைட்டு எரியுது. அடுப்புதான் எரியல" என்றான் என்னிடம்.

அடுத்த மாதமே நான் பிழைப்புக்காக இங்கே வந்துவிட்டேன். போன வருடம் லீவில் போனபோது அவன் காக்கிச் சட்டையோடு அந்த ஆலையின் கேட்டில் நின்றான். நம் நிலம் எந்தப் பக்கம் இருந்தது, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். வெளியாளை விடக்கூடாது என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மாதம் முடிவதற்குள் மறுபடி ராட்ஹவுஸுக்குப் போய், விளக்கு அங்கே வேண்டாம் என்றேன். குமாஸ்தா முகம் சுளிக்கவில்லை. சரி, எதிர்ப்பக்கம் நடுகிறோம் என்று அழித்துக் குறித்தார். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா இது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேறு ஏதாவது ஆட்சேபம் உண்டா என்றார். வரைபடத்தில் ஊருக்கு மேற்கே ஓர் ஓடை நீலக்கோடாகத் தெரிந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தேன்.

"அது தண்ணி வர்ற வழி சார். அத்த மூடாதீங்க."

தமிழில்தான் சொன்னேன். அந்த ஓடையை மூடப்போவதாக யாரும் சொல்லவில்லை. குமாஸ்தா ஒன்றும் புரியாமல், நான் கையை எடுக்கட்டும் என்று காத்திருந்தார்.