வீட்டில் ஒரே மொழி

மாலை நான்கு இருபதுக்குப் பள்ளி வேன் எங்கள் தெருமுனைக்கு வந்தது. கதவு திறந்தது. மகள் இறங்கவில்லை. முந்தைய நிறுத்தத்திலேயே வேறு இரண்டு பிள்ளைகளோடு இறங்கிவிட்டாள், தோழி வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன் என்றார் வேனில் கூட வரும் ஆயா. அந்த நிறுத்தம் ராயக்கோட்டை சாலையில் இருக்கிறது. லாரிகள் ஓயாத சாலை. அவளுக்கு ஒன்பது வயது.

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தோழி வீட்டில் அவள் இல்லை. யாராவது கேட்டால் வீட்டை எப்படிச் சொல்வாள்? என் போன் நம்பரை ஒப்பிக்க ஆரம்பித்தால் ஐந்தாவது எண்ணில் ஜன்னலுக்கு வெளியே எதையாவது பார்த்து நின்றுவிடுவாள்.

சில மாதங்களுக்கு முன், வகுப்பில் உட்காருவதில்லை, ஆரம்பித்ததை எழுதி முடிப்பதில்லை என்று அவளுடைய டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பியிருந்தார். நான் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். லைனில் ரிஜெக்ஷன், அதாவது தேறாத உதிரிபாகம், வந்தால் சந்தேகப்படுகிற காரணங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்போம். வீட்டிலும் அதையே செய்தேன். எங்களோடு தமிழ், எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு கன்னடம், மாடியில் குடியிருப்பவர்களோடு தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். இத்தனையில் பிள்ளை குழம்பிவிட்டது என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். இனி தமிழ் மட்டும்தான், எதிர்வீட்டுக்குப் போகக் கூடாது என்றேன். ஏன் பாப்பா வருவதில்லை என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது, பரீட்சை என்று பொய் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் அவள் பேச்சு குறைந்தது. வேறொன்றும் மாறவில்லை.

அதன்பிறகுதான் கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் சில முறை வரச்சொல்லிப் பார்த்து, டீச்சரிடமும் விசாரித்துவிட்டு ஏ.டி.எச்.டி. என்றார். இது அடமும் இல்லை, அறிவுக்குறைவும் இல்லை. கவனம் அவளிடம் இருக்கிறது, வேண்டிய இடத்தில் அதை நிறுத்தி வைப்பதுதான் அவளுக்குக் கடினம் என்று விளக்கினார். மொழிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தாராளமாகப் பேசட்டும் என்றும் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனாலும் தடையை எடுக்கவில்லை. ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் எனக்குத் தேவையாக இருந்தது.

அன்று மாலை ஒரு மணி நேரம் தேடியும் அவள் கிடைக்கவில்லை. மனைவியை அழைத்துக்கொண்டு போலீசுக்குப் போகலாம் என்று வீட்டுக்குத் திரும்பினேன். மனைவி கேட்டருகில் நின்றிருந்தாள். நான் வண்டியைத் திருப்பும்போது ஒரு மொபெட் வந்து நின்றது. செக்யூரிட்டி சட்டை போட்ட ஒருவர் ஓட்டிவந்தார். பின்னால் என் மகள்.

கர்நாடக எல்லையோரம் இருக்கிற தளிப் பக்கத்துக்காரராம். சாலையோரம் புதிதாக எழும்பும் ஒரு ஷெட்டுக்குக் காவல். கிரேன் இரும்புத் தூணைத் தூக்குவதைப் பார்த்து இவள் அங்கேயே நின்றிருக்கிறாள்.

மனைவி அவளை இறக்கி அணைத்துக்கொண்டாள். மகள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, இவருக்குத் தமிழ் சரியா வராது. அதான் கன்னடத்துல பேசிட்டேன்."

நான் வண்டியை விட்டு வேகமாக இறங்கி அவர்கள் பக்கம் போனேன். நான் கோபத்தில் இருப்பதாக அந்த மனிதர் நினைத்திருக்க வேண்டும். மொபெட்டை ஸ்டாண்டு போட்டுவிட்டு, எனக்குப் புரியும்படி நிதானமாகக் கன்னடத்தில் சொன்னார்:

"பாப்பா வழி சரியாத்தான் சொல்லிச்சு சார். நடுவுல நடுவுல கிரேன் கதைக்குப் போயிடும். நான் வண்டிய நிறுத்தி, அப்புறம் எந்தப் பக்கம்னு மறுபடி கேப்பேன். கேட்டா சொல்லுது."