சீரியல் லைட் போட்ட டிசம்பர்

காரிமங்கலத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன தெருவில் பதினெட்டு வீடுகள். அவற்றில் எங்களுடையது மட்டும்தான் கிறிஸ்தவ வீடு. முதல் வருடக் கிறிஸ்துமஸுக்கு வாசலில் ஒரு காகித நட்சத்திரத்தைத் தொங்கவிட்டதோடு சரி. இரண்டாவது வருடம் என் கணவருக்கு ஆசை பெருகிவிட்டது.

அவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார். அந்த டிசம்பரில் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் லீவு கிடைத்தது. இரண்டு பைகள் நிறைய சீரியல் லைட்டுகளோடு வந்து இறங்கினார். அடுத்த இரண்டு நாளும் சாப்பிடுவதற்கு மட்டும்தான் ஏணியை விட்டுக் கீழே வந்தார். மொட்டை மாடிச் சுவர், ஜன்னல்கள், போர்ட்டிகோ தூண்கள், இரும்பு கேட்டின் கம்பிகள் என்று சுற்றிக்கொண்டே போனார். மாடி முகப்பில் மான்கள் வண்டி இழுக்கிற மாதிரி ஒரு பெரிய சட்டம். பாட்டுப் போட்டால் தாளத்துக்கு ஏற்ப விளக்குகள் விட்டுவிட்டு எரியும். எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் கீழே நின்று எதை எங்கே கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் கட்டி முடித்த சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் எனக்குப் பகீரென்றது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் தெருமுனை டீக்கடையிலிருந்தே தெரிகிற அழகு. மற்ற பதினேழு வீடுகளும் வாசலில் வீட்டுக்கொரு குண்டு பல்போடு அடங்கி இருக்க, எங்கள் வீடு மட்டும், நாங்கள் யார் என்று கேட்காதவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் பிறந்த ஊரில் இந்தப் பயம் கிடையாது. அங்கே சுற்றிலும் எங்கள் ஆட்கள். டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறிவிடும். யாரும் யார் வீட்டையும் நின்று பார்ப்பதில்லை. இங்கே வந்த பிறகுதான் ஒரு விளக்கைப் போடுவதற்கு முன்னால் நான்கு பக்கமும் பார்க்கப் பழகினேன். போதாததற்கு அந்த வாரம் போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. எங்கோ ஒரு கடை வாசலில் வைத்திருந்த கிறிஸ்துமஸ் அலங்காரத்தைச் சிலர் கம்பால் அடித்து நொறுக்குகிறார்கள். எந்த ஊர், எப்போது எடுத்தது, நிஜம்தானா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் நான் அதை நான்கு தடவை பார்த்தேன்.

"இவ்ளோ வேணுமாங்க?" என்று கேட்டேன்.

"லைட்டுதான போட்டேன்? யார் வூட்டுலயாவது போய் ஏதாச்சும் சொன்னேனா?" என்றார்.

தெரு அவரவர் விதத்தில் எதிர்கொண்டது. பிள்ளைகள் ஓடிவந்து கேட்டுக்கு வெளியே கூட்டமாக நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா, "கல்யாண வூடு கணக்கா இருக்குது. எங்க ஜன்னல சாத்திக்கிட்டுதான் படுக்கணும் போல" என்று சிரித்தார். அது பாராட்டா, குறையா என்று நான் மறுநாள் முழுவதும் யோசித்தேன். தெருக்கோடியில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார் நடைப்பயிற்சிக்குப் போகிறபோது நின்று, "இதுக்கெல்லாம் பர்மிஷன் வாங்கியாச்சுங்களா?" என்று கேட்டார். என் கணவர் "எதுக்குங்க சார் பர்மிஷன்?" என்றதும், "இல்ல, சும்மா கேட்டேன்" என்று போய்விட்டார். முன்பின் தெரியாத இரண்டு பையன்கள் பைக்கை நிறுத்தி வீடியோ எடுத்துக்கொண்டு போனார்கள். பிடித்துப்போய் எடுத்தார்களா, யாருக்காவது காட்டுவதற்கா? நான் வேலை செய்கிற மருந்துக்கடையில் நின்றபடியே இதே நினைப்பு. ஒருவருக்குச் சளி மருந்துக்குப் பதிலாக வயிற்று மருந்தை எடுத்து நீட்டிவிட்டேன்.

எல்லோரையும் விட என்னைப் பயமுறுத்தியவர் எதிர் வீட்டுக்காரர். வத்தல்மலையில் சாமை போட்டு வாழ்ந்த குடும்பம். பிள்ளைகளின் படிப்புக்காகக் கீழே இறங்கி வந்தவர்கள். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார். நாங்கள் விளக்குப் போட்ட நாளிலிருந்து தினமும் ஆறு மணிக்குத் தன் வாசலில் வந்து நிற்பார். கையைக் கட்டிக்கொண்டு எங்கள் கேட்டையே பார்ப்பார். மானையோ நட்சத்திரத்தையோ அல்ல, கேட்டை. நான் பார்ப்பது தெரிந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

நான்காவது நாள் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. எங்கள் கேட்டின் படம். கிட்டே பெரிதாக்கி எடுத்தது. அனுப்பியவர் எதிர் வீட்டுக்காரர். கீழே ஒரு எழுத்தும் இல்லை. நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்ப்பதற்குள், அந்தச் செய்தி நீக்கப்பட்டது என்ற வரிதான் இருந்தது.

படம் இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எழுத வந்ததை ஏன் விழுங்கினார்? வேறு குழு ஏதாவது இருக்கிறதா? எங்களைச் சேர்க்காத ஒரு குழுவுக்கு அனுப்ப வேண்டியதைக் கைதவறி இங்கே போட்டுவிட்டாரா? கணவரிடம் போனைக் காட்டினேன். அவருக்கும் முகம் மாறியது. ஆனால் விளக்கை அணைக்கவில்லை. "இப்ப எடுத்தா பயந்துட்டோம்னு ஆயிடும்" என்றார். பயந்துதானே இருக்கிறோம் என்று சொல்ல நினைத்தேன். மகளை மட்டும் வெளியே விளையாடவிடாமல் உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் குழு வருவதாக இருந்தது. மதியத்திலிருந்தே தூறல். ஆறரை மணிக்குத் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து பேர், பாதி பேர் பிள்ளைகள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட சின்னவன் ஒருவன் நனைந்த தாடியோடு முன்னால் ஓடி வந்தான். நான் போர்ட்டிகோவில் கையில் கேக் தட்டோடு நின்றிருந்தேன். என் கணவர் உள்ளே பாட்டு சிஸ்டத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கேட்டுக்கு வெளியே எப்போதும் படுத்துக் கிடக்கும் தெருநாய் திடீரென்று வீறிட்டுக் கத்திக்கொண்டு துள்ளி ஓடியது. யாராவது கல்லால் அடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். அடுத்த நொடி எதிர் வீட்டுக்காரர் தெருவைக் குறுக்கே தாண்டி ஓடி வந்தார். செருப்புக்கூட இல்லை.

"தொடாதீங்க! கேட்டத் தொடாதீங்க! போங்க பின்னால!"

அந்தச் சின்னவன் கை கேட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. எதிர் வீட்டுக்காரர் இரண்டு கைகளையும் விரித்துப் பிள்ளைகளுக்கும் கேட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டார். மேளம் நின்றுபோனது. நான் பயந்துகொண்டிருந்தது வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த தட்டு தானாகச் சரிந்தது.

கேரல் குழுவை அழைத்து வந்தவர் முன்னால் வந்தார். "ஏங்க, அவங்க வூட்டுல நாங்க பாட்டுப் பாடினா உங்களுக்கு என்னாங்க? புள்ளைங்கள எதுக்கு வெரட்டறீங்க?"

எதிர் வீட்டுக்காரர் பிள்ளைகளை இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். இதற்குள் சத்தம் கேட்டு என் கணவர் வெளியே வந்தார். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது முகத்தில் தெரிந்தது. "என்னா பிரச்சின உங்களுக்கு?" என்று கேட்டபடி வெறுங்காலோடு ஈரத் தரையில் கேட்டை நோக்கி நடந்தார். தாழ்ப்பாளைத் திறக்கக் கை நீண்டது.

"கரண்டுங்க" என்றார் எதிர் வீட்டுக்காரர். "கேட்டுல கரண்டு."

அது என் காதில் விழுந்து அர்த்தமாவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. "நில்லுங்க!" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை இறக்கினேன். மான், நட்சத்திரம், ஜன்னல் எல்லாம் ஒரே அடியாக அணைந்தன. என் கணவர் கையை நீட்டியபடியே நின்றிருந்தார்.

பக்கத்து வீட்டு அண்ணன் டெஸ்டர் எடுத்து வந்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெயினை ஒரு நிமிடம் போடச் சொல்லி, வெளியிலிருந்து கேட்டில் வைத்துப் பார்த்தார். டெஸ்டருக்குள் செக்கச்செவேலென்று எரிந்தது. நாய் எதற்குக் கத்தியது என்று அப்போதுதான் புரிந்தது. தாத்தா வேஷம் போட்ட சின்னவன் தாடியைக் கழற்றிவிட்டு அழ ஆரம்பித்தான். கேட்டைத் திறந்து திறந்து மூடியதில் கீல் அருகே ஒயர் நசுங்கித் தோல் கிழிந்திருந்தது. காய்ந்திருந்த நாளில் ஒன்றும் தெரியவில்லை. தூறல் அதைக் கம்பியோடு சேர்த்துவிட்டது.

கேரல் குழு பாடாமல் திரும்பிப் போனது. எதிர் வீட்டுக்காரரை உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தோம். காபி கொடுத்தேன். டம்ளரை வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"கீலுக்குப் பக்கத்துல ஒயரு மாட்டறத மொத நாளே பாத்தேங்க" என்றார். "தெனம் பாப்பேன். சொல்லலாம்னு வருவேன். சொன்னா, நம்ம பண்டிகைக்கு லைட்டு போட்டது இவனுக்குப் பொறுக்கலன்னு நெனைச்சுட்டா என்னா பண்றதுன்னு பயந்துட்டேன். குரூப்புல போட்டோ போட்டேன். அதயும் அழிச்சுட்டேன்."

அவரே மேலும் சொன்னார். "எங்க தம்பி கரண்டுலதாங்க போனான். மலையில ஒருத்தரு காட்டுப்பன்னிக்குன்னு காட்டச் சுத்திக் கம்பி கட்டிக் கரண்டு குடுத்திருந்தாரு. இவன் மாடு தேடிப் போனவன். மழை நாளு. நான்தான் போய்ப் பாத்தேன்."

என் கணவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். போய்ப் பார்த்தேன். துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். "பாப்பா தெனம் பத்துத் தடவை அந்த கேட்டப் புடிச்சு ஊஞ்சல் ஆடுவா" என்றார். நான்கு நாளாக நான் அவளை உள்ளேயே வைத்திருந்தது எதற்குப் பயந்து என்பதை நினைத்தபோது நானும் அவர் பக்கத்தில் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் என் கணவர் எல்லா விளக்குகளையும் கழற்றிவிட்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

சாயங்காலம் எதிர் வீட்டு அம்மா பின்பக்கமாக வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. "எங்க வூட்டுக்காரரு மெரட்டித்தான் நீங்க லைட்ட எடுத்துட்டீங்கன்னு கடைத்தெருவுல பேசிக்கிறாங்களாம். கேரல் பாட வந்த புள்ளைங்கள அடிக்கப் போனாருன்னு சொல்றாங்களாம். போலீஸுல எழுதிக் குடுக்கப் போறாங்களாங்க? அவரு காலையில இருந்து சாப்புடல."

அவர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரல்கள் வலித்தன. ஒரு வாரமாக எனக்கு இருந்த அதே நடுக்கம். இப்போது தெருவைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தது, எங்கள் மூலமாக.

பக்கத்து வீட்டு அண்ணனைத் தவிர எங்கள் தெருவில் அன்றைக்கு உண்மையைக் கிட்டே இருந்து பார்த்தவர்கள் இல்லை. மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் கத்தலை மட்டும் கேட்டிருந்தார்கள். கேரல் பிள்ளைகள் வீட்டில் போய்ப் பாதி சொல்லியிருப்பார்கள். நான் போனை எடுத்துத் தெருக் குழுவில் எழுதினேன். எழுதுவதற்கு முன் கணவரிடம் கேட்டேன், ஏனென்றால் அதில் அவர் தவறு வெளியே தெரியும். "எழுது. நான்தான் தப்பா ஒயர் இழுத்தேன்னே எழுது" என்றார். எங்கள் கேட்டில் கரண்டு பாய்ந்தது, எதிர் வீட்டு அண்ணன் ஓடிவந்து தடுத்திருக்காவிட்டால் ஒரு பிள்ளையின் சாவு எங்கள் வாசலில் நடந்திருக்கும், விளக்கை நாங்களாகத்தான் எடுத்தோம் என்று எழுதினேன். அதையே கேரல் குழுத் தலைவருக்கும் அனுப்பினேன். அவர் உடனே போன் செய்தார். பங்கு ஃபாதரிடம் தானே பேசி, கோயிலில் சனங்களுக்கு எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். குழுவில் ரிட்டயர்டு வாத்தியார் முதலில் பதில் போட்டார். "நான் பர்மிஷன் கேட்டதைத் தவறாக எண்ண வேண்டாம். வயதானவன், மின்சாரம் என்றால் பயம்." ஒருவர் பின் ஒருவராகப் பதில் வந்தது. எதிர் வீட்டுக்காரர் மட்டும் எதுவும் எழுதவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்ததும் நானும் கணவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். கேக்கும் பலகாரமும் கொடுத்தோம். அந்த அம்மா எங்களை உட்காரவைத்துச் சாமைப் பாயசம் கொடுத்தார். என் கணவர், எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த் போட்டு, கசிவு வந்தால் தானாகக் கரண்டை வெட்டுகிற பெட்டி வைக்கப்போவதாகச் சொன்னார். அடுத்த வருடம் மாடியில் மட்டும், கை எட்டாத உயரத்தில் நான்கு சரம் போட்டுக்கொள்ளலாமா என்று எதிர் வீட்டுக்காரரிடம் கேட்டார், அனுமதி கேட்கிற மாதிரியே.

அவர் வாசல் வழியே எங்கள் மாடியை ஒரு தடவை பார்த்தார்.

"எனக்குப் புடிக்காதுங்க" என்றார். "பொய் சொல்ல மாட்டேன். அது எரியறப்ப எல்லாம் எனக்குத் தம்பி கெடந்ததுதான் கண்ணுக்குள்ள வரும். ஆனா நீங்க போடுங்க. ஒயரு இழுக்கறப்ப மட்டும் என்னையக் கூப்புடுங்க, நின்னு பாத்துக்கறேன்."

கூப்பிடுகிறோம் என்றோம். அடுத்த டிசம்பருக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.